எண்ணூர்க் கழிமுகத்துப் பறவைகளும் 'செத்த நிலம்' என்ற பேச்சும்

எண்ணூரைப் பற்றி இன்று எழுதப்படுவதில் எதைப் படித்தாலும் ஓர் இரங்கற்பாவைப் படிப்பது போலவே இருக்கிறது. ஆறு செத்துவிட்டது, கழிமுகம் செத்துவிட்டது, மீன் செத்துவிட்டது, இனி அங்கே என்ன இருக்கிறது என்ற தொனி. எழுதுபவர்களின் நோக்கம் நல்லது, சினமும் நியாயமானது. ஆயினும் இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. செத்துவிட்ட ஒன்றை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை அல்லவா? செத்த நிலத்தில் இன்னொரு சாம்பல் குட்டை வந்தால் என்ன, இன்னொரு சரக்குப் பெட்டக முனையம் வந்தால் என்ன? நாம் துக்கத்தில் சொல்லும் சொல்லே, அந்த நிலத்தை நிரப்பி மேடாக்க நினைப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

எண்ணூர் சாகவில்லை. அதற்கு நாள்தோறும் சாட்சியாக நிற்பவை அங்குள்ள பறவைகள். எனவே பறவை பார்ப்பது என்பது வேறெங்கும் பொழுதுபோக்காக இருக்கலாம். எண்ணூரில் அது ஒரு சாட்சியத்தைப் பதிவு செய்யும் வேலையாக வேண்டும். அந்த வேலையைத் தமிழ் படித்தவர்கள் சூழலியலாளர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

இடத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வடக்கே பழவேற்காடு வரை உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் நீள்கின்றன. இந்தக் கழிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுதான் காட்டுப்பள்ளித் தீவு. மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் ஆற்றில் நன்னீர் வரத்து மிகக் குறைவு. நிலம் வறண்டு, உப்புப் பூத்து, வெடித்துக் கிடக்கும். அந்த நாட்களில் கழிமுகம் உயிரோடிருப்பது கடலின் ஓதத்தால் மட்டுமே. ஓதம் ஏறும்போது சேற்று வெளி மூழ்கும். வற்றும்போது வெளியே தெரியும். மூழ்கியும் தெரிந்தும் வரும் அந்தச் சேறுதான் இங்கு அனைத்துக்கும் ஆதாரம். புழு, நண்டு, சிப்பி, இறால், அவற்றைத் தின்னும் மீன், மீனைப் பிடிக்கும் மனிதர், பறவை எல்லாம் அதைச் சார்ந்தவை.

கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் மின்தொடரில் ஏறினால் இதற்கெனத் தனிப் பயணம்கூட வேண்டியதில்லை. எண்ணூர் நிலையம் கழிந்து அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் தொடர்வண்டி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். அந்தச் சில நொடிகளில் சன்னலோரம் அமர்ந்திருப்பவர் ஒருபுறம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும், கீழே சேற்றில் நிற்கும் வெள்ளைப் புள்ளிகளையும் சேர்த்தே பார்க்கலாம். பெரும்பாலோர் புகைபோக்கியை மட்டும் பார்க்கிறார்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை அந்தப் புள்ளிகள் பெருகும். கொசு உள்ளான் என்றொரு பறவை. எடை முப்பது கிராம் அளவே, உள்ளங்கையில் அடங்கிவிடும். அது குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய தூந்திரச் சமவெளியில். அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து தென்னாசியச் சேற்று வெளிகளுக்கு வந்து குளிர்காலத்தைக் கழித்துத் திரும்புகிறது. இப்படி வரும் உள்ளான், கொத்திவகைகளோடு கருவால் மூக்கன், ஆலா, கடற்காகம் ஆகியவையும், நம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரும் பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை ஆகியவையும் இந்தக் கழிகளில் கூடுகின்றன.

இவற்றின் அலகுகளைக் கவனிப்பது சேற்றையே படிப்பதற்கு ஒப்பானது. வளைந்த நீண்ட அலகுடைய கோட்டான் வகை ஆழமான வளைகளில் இருக்கும் நண்டையும் புழுவையும் எடுக்கிறது. கருவால் மூக்கனின் நேரான நீண்ட அலகு சேற்றுக்குள் ஊசி போல் இறங்குகிறது. குட்டை அலகுடைய உப்புக்கொத்தி, ஓடி நின்று, ஓடி நின்று, மேற்பரப்பில் அசைவதை மட்டும் பொறுக்குகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்கிறது. ஒரே சேற்றில் இத்தனை அலகுகளுக்கும் வேலை இருக்கிறதென்றால், அந்தச் சேற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் இன்னும் உயிர் இருக்கிறது என்பதுதான் பொருள். எந்த ஆய்வகச் சான்றிதழும் இதைவிடத் தெளிவாகப் பேசிவிடாது.

இந்த இடத்தில் ஒரு குதர்க்கத்துக்கு விடைசொல்லியாக வேண்டும். 'பறவைகள் இவ்வளவு வருகின்றனவே, அப்படியானால் ஆலைகளால் எந்தக் கெடுதலும் இல்லை என்றுதானே பொருள்?' என்று சிலர் கேட்பதுண்டு. புகைபோக்கிகளின் பின்னணியில் பூநாரைக் கூட்டம் நிற்கும் புகைப்படம் இவர்களுக்கு மிகவும் வாய்ப்பானது. ஆனால் பறவை ஓரிடத்துக்கு வருவது அந்த இடம் நலமாக இருக்கிறது என்பதற்கான உறுதிமொழி அன்று. வேறு வழியில்லாததாலும் பறவை வரும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு பல்லாண்டுகளாகக் குழாய்களில் கசிந்து கழியில் படிந்து அதை ஆழமற்றதாக்கியிருக்கிறது. ஆழமற்ற உவர்நீரை விரும்பும் பறவை அதனால் சில காலம் கூடுதலாக வந்து நிற்கலாம். ஆழமான நீரை நாடும் மீனும் அதைத் தேடும் பறவையும் அதே காரணத்தால் விலகிப்போகலாம். ஓர் இனத்தின் கூட்டத்தைப் படமெடுத்து ஒட்டுமொத்த நலத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது, வீட்டில் ஒருவர் பருத்திருப்பதைக் காட்டிக் குடும்பமே நன்றாக உண்கிறது என்று சொல்வதைப் போன்றது.

2023 டிசம்பரில் நடந்ததை நினைவுகூர்ந்தால் இது இன்னும் விளங்கும். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் வந்து பரவியது. மீன் தேடி இறங்கிய கூழைக்கடாக்களின் வெண்சிறகுகள் கருத்து, உடலோடு ஒட்டின. வனத்துறையினர் அவற்றைப் பிடித்துக் கழுவிவிட முயன்றனர். மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை முகந்தெடுத்தனர். கூழைக்கடா அங்கு வந்ததே அதற்குக் கேடாக முடிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினர். ஒரே மாதத்தில் நீரும் காற்றும் கெட்டன. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிகள்தாம் வந்தன.

இன்னொரு குதர்க்கமும் உண்டு. 'இங்கே இடமில்லாவிட்டால் பறவைகள் வேறெங்காவது போய்விடும். சிறகு இருக்கிறதே' என்பது. இது உண்மையல்ல என்பதற்குத் தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகம் உலகறிந்த சான்று. 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் கட்டி, ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பை 2006இல் ஓதத்திலிருந்து துண்டித்தார்கள். அங்கே பல்லாயிரக்கணக்கில் தங்கிச் சென்ற கிரேட் நாட் என்னும் உள்ளான் வகை, அண்டைக் கழிமுகங்களில் அந்த அளவுக்குப் பெருகவில்லை. குளிர்காலத்தைக் கழிக்க ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் அப்பறவைகளின் தொகை அங்கும் சரிந்தது. அவை இடம் மாறவில்லை, இல்லாமற்போயின. வலசைப் பாதையில் ஒவ்வொரு கழியும் ஒரு சத்திரம். ஒரு சத்திரத்தை இடித்தால் வழிப்போக்கன் அடுத்த ஊரில் இரண்டு மடங்கு உண்டு சமாளித்துக்கொள்வான் என்று எண்ணுவது பசியை அறியாதவர் பேச்சு. அடுத்த ஊரிலும் இலைகளின் எண்ணிக்கை முன்பே முடிவாகியிருக்கிறது.

இங்கே இலக்கியத்துக்கு வருகிறேன். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், கபிலரின் தலைவி, தலைவன் தன்னை மணந்த பொழுதில் வேறு யாரும் அங்கிருக்கவில்லை, ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற ஒரு குருகு மட்டுமே இருந்தது என்கிறாள். துறையளவில் அது குறிஞ்சிப் பாட்டு, நெய்தல் அன்று. ஆயினும் எண்ணூரைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது அந்தக் குருகுதான். நடந்ததைக் கண்ட ஒரே உயிர், சான்று சொல்ல வாயில்லாத உயிர். அதன் கவனமோ மீனில் இருக்கிறது. ஏமாற்றப்பட்டால் தனக்கு யார் சாட்சி என்ற தலைவியின் கலக்கம் முழுவதையும் அந்தப் பறவை சுமந்து நிற்கிறது. எண்ணூரில் நடப்பவற்றுக்கும் பல வேளைகளில் குருகும் நாரையும்தான் கண்கண்ட சாட்சி. அவை எத்தனை இருந்தன, எந்த மாதம் வந்தன, எந்த ஆண்டிலிருந்து வராமற்போயின என்று எழுதிவைக்காவிட்டால் அந்தச் சாட்சியம் அவற்றோடு மறைந்துவிடும்.

எழுதிவைப்பதன் இன்றியமையாமையை எண்ணூர் தன் சொந்த வரலாற்றிலேயே கண்டிருக்கிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் கட்டுமானத்துக்கு இடமில்லாத பகுதியாகக் காட்டப்பட்டிருந்த கழிமுகம், பின்னர் புழக்கத்துக்கு வந்த வரைபடம் ஒன்றில் காணப்படவில்லை என்று 2017இல் மீனவர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் குற்றஞ்சாட்டினர். ஓர் ஆற்று முகத்தையே தாளிலிருந்து நீக்க முடியுமென்றால் உள்ளான் கூட்டம் எம்மாத்திரம்? வருவாய்த் துறைச் சொற்களில் இத்தகைய நிலம் புறம்போக்கு. வரி செலுத்தாத, தனியார் உடைமையாகாத, ஊருக்குப் பொதுவான நிலம் என்பது அதன் பொருள். நம் வாயில் அது வசைச்சொல்லாகிவிட்டது. 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் அந்தச் சொல்லை மீட்டெடுக்க முயன்றது. 'செத்த நிலம்' என்பதும் இதே வரிசையில் வரும் சொல்தான். சொல் மாறிய பின்பு நிலம் மாற அதிக நாள் ஆவதில்லை.

நான் பாடம் நடத்தும் வகுப்பில் வடசென்னைக் குப்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் எப்போதும் சிலர் உண்டு. நெய்தலுக்குரிய பறவைகள் கடற்காகம், அன்னம், அன்றில் என்று பாடநூல் தரும் பட்டியலை அவர்களும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். ஒருமுறை கருப்பொருள் பாடத்தின்போது எண்ணூர் மாணவர் ஒருவர் எழுந்து, 'கொக்கு கால் நனைய எங்க நிக்குதோ, அங்கதான் எங்கம்மா இறால் தடவ இறங்குவாங்க சார். அதைத் தாண்டினா ஆழம்' என்றார். கருப்பொருள் என்றால் என்ன என்பதற்கு நான் அதுவரை தந்த விளக்கங்களைக் காட்டிலும் அது துல்லியமானது. பறவை அந்தத் தாய்க்கு அழகுப் பொருள் அன்று, நீரின் அளவுகோல். ஆலா, மடையான், வக்கா, உள்ளான் என்று அந்த மாணவருக்கு வீட்டிலேயே பெயர்கள் தெரியும். நாம் அவற்றைப் பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' நூலிலும், க. ரத்னம் தொகுத்த பறவைப் பெயர்களிலும் தேடிக்கொண்டிருக்கிறோம். அவை அரிய நூல்கள், ஐயமில்லை. ஆனால் அந்நூல்கள் திரட்டிய சொற்களின் ஊற்று இன்னும் வற்றாமல் நம் வகுப்பின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஊற்று புதுச்சொற்களையும் தருகிறது. அண்மை ஆண்டுகளில் அமெரிக்க வெப்பமண்டலக் கடற்கரைகளைச் சேர்ந்த ஓர் அயல் சிப்பியினம் எண்ணூர்க் கழியில் பாய் விரித்தாற்போல் பரவி, இறால் வாழும் சேற்றை மூடிவருகிறது. கப்பல்களின் சமன்நீரோடு வந்திருக்கக்கூடும் என்பது வல்லுநர் கருத்து. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கேடு வந்ததை முதலில் கண்டு, முதலில் பெயரிட்டவர்கள் அவர்களே.

இனி, பறவை பார்ப்பவர்களின் தரப்பிலும் ஒரு கேள்வி எழுப்ப வேண்டியிருக்கிறது. சென்னையில் பறவை பார்க்கும் மரபு நீண்டது. 1978இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கப்பட்டது. மா. கிருஷ்ணனைப் போல் தமிழில் பறவையை எழுதியவர்கள் இந்நகரில் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனாலும் பறவை பார்ப்பவரின் நிலப்படத்தில் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, அடையாறு, பழவேற்காடு என்று பெரிய எழுத்தில் இருப்பவற்றுக்கு நடுவே எண்ணூர் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. பழவேற்காட்டுக்குச் செல்வோர் பலர் எண்ணூரைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடக்கிறார்கள். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, மகிழ்ச்சிதான். தென்சென்னையின் சதுப்பு நிலத்துக்குக் கிடைத்த வழக்கறிஞர்களும் நாளிதழ்ப் பத்திகளும் வடசென்னையின் கழிக்குக் கிடைக்க இன்னும் எத்தனை விபத்துகள் வேண்டும்? மெரீனாவின் அகன்ற மணல்வெளியும் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையில் கொட்டிக்கிடக்கும் கருங்கல் அரணும் ஒரே துறைமுகச் சுவரின் இரு விளைவுகள். வடக்கு நோக்கிச் செல்லும் மணலைச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் அரித்தது. நகரின் கவனமும் அந்த மணலைப் போலவே தெற்கில் சேர்ந்துவிட்டது.

அப்படியானால் எண்ணூரைப் பறவைச் சரணாலயமாக அறிவித்து வேலி போடச் சொல்கிறேனா? இல்லை. வேடந்தாங்கல் நமக்கு வேறு பாடத்தைத் தருகிறது. அங்கே பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டவர்கள் உழவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கம்பெனி ஆட்சியிடம் அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றார்கள். ஊராரின் நலமும் பறவையின் நலமும் ஒரே நீரில் இருந்ததால் அந்த ஏற்பாடு நிலைத்தது. எண்ணூரில் அந்த ஒரே நீருக்குப் பதிலாக ஒரே சேறு இருக்கிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணும் கருவால் மூக்கனும் ஒரே வளையைத்தான் தேடுகிறார்கள். மீனவரை வெளியேற்றிப் பறவையைக் காப்பது முடியாது, அறமும் ஆகாது. மீன்பிடி உரிமையோடு கூடிய ஈரநிலமாக இந்தக் கழிமுகம் முழுவதும் எல்லை வரையப்பட்டுப் பதிவாக வேண்டும். சாம்பல் கழிவை அகற்றிக் கழிமுகத்தை மீட்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் கூறியது வெறும் தாளாகப் போகாமலிருக்க, கழியில் என்ன இருக்கிறது என்ற தொடர்ச்சியான கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் போன்றவை முன்வைக்கப்படும்போது, 'அங்கே ஒன்றுமில்லை' என்ற வாதத்துக்கு விடையாக அந்தக் கணக்கைத்தான் நீட்ட முடியும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 2015 முதல் தமிழகத்தில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டவற்றை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதியலாம். வடசென்னையைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் நெய்தல் திணையை நடத்தும் பருவத்தில் ஒரு காலைப்பொழுதை எண்ணூருக்கு ஒதுக்கலாம். விலை குறைந்த பைனாகுலர் இரண்டு, குறிப்பேடு ஒன்று, வழிகாட்டியாக வகுப்பிலேயே இருக்கும் குப்பத்து மாணவர் ஒருவர் போதும். பறவையின் பெயரை நூற்பெயராலும் ஊர்ப்பெயராலும் எழுதச் சொல்லலாம். ஓதம் வற்றும் நேரத்தை அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு செல்லலாம். ஆண்டுதோறும் அதே இடம், அதே மாதம். பத்தாண்டுகள் கழித்து அந்தக் குறிப்பேடு ஒரு பல்கலைக்கழக ஆய்வேட்டைவிடப் பயனுடையதாக இருக்கும்.

இரங்கற்பாவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், அதற்கு அவசரமில்லை. இந்த ஆண்டும் வடக்கிலிருந்து உள்ளான்கள் வரும். வந்தவை எத்தனை என்று சொல்ல நம்மில் ஒருவராவது கரையில் நிற்க வேண்டும்.